போகச் சொன்னார்களா, போக விட்டார்களா?

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதும் பல் பிடுங்குவதும் ஏறக்குறைய ஒரே தொழில்தான். ஆளை வாய் திறக்க வைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். சங்கரன்கோவிலில் ஒரு பூக்கடைக்கு மேலே, மாடி அறையில், இருபது வருடமாக இதைச் செய்கிறேன். கீழே மல்லிகை, மேலே இலக்கணம். வாசனை மேலே ஏறி வருகிறது. இலக்கணம் கீழே இறங்கியதாகத் தகவல் இல்லை. வாசலில் ‘ஆங்கிலம் பேச, எழுத, விண்ணப்பிக்க’ என்று போர்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது சொல்லுக்குத்தான் கூட்டம்.

‘ஆஃப்’, ‘அவுட்’, ‘டவுன்’ போன்ற குட்டிச் சொற்களிடம் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய வாசகர்களுக்கு என் வேதனை புரியும். ‘கிவ்’ தெரியும், ‘அப்’ தெரியும், இரண்டும் சேர்ந்து வந்தால் யாரென்று தெரியாது. அதிலும் ஓர் ஆளை அனுப்ப, விலக்க, துரத்த என்று வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கும் சொற்கள் தனி ரகம். எல்லாம் மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். முடியும்போது ஆள் வாசலுக்கு வெளியே நிற்பார்.

ஒன்றாம் நம்பர்

என் வகுப்பறைச் சுவரில் ‘சொல்லக்கூடாதவை’ என்று ஒரு பட்டியல் உண்டு. ஒன்றாம் நம்பர், ‘ஐ வில் கோ அண்ட் கம்’. நம் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதை அப்படியே இங்கிலீஷில் இறக்கினால், கேட்கிற வெள்ளைக்காரர் நீங்கள் கடைக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தே வைத்திருப்பார் என்று விளக்குவேன்.

போன வருடம் ஆறு மணி வகுப்பில் இரண்டே பேர். ஒருவர் மாரியப்பன் அண்ணாச்சி. விசைத்தறி ஷெட் வைத்திருப்பவர். வெளியூர் வியாபாரிகளோடு போனில் பேசுவதற்காக வந்தார். தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை என்பதால் ‘குட் ஈவினிங்’ சொன்னால் கீழே பூக்கடையில் பதில் சொல்வார்கள். இன்னொருத்தி நஸ்ரின். பி.காம். முடித்தவள். கடையநல்லூர் மாப்பிள்ளை பேசி, நிக்காஹ் தேதியும் குறித்தாயிற்று. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. தானும் போக வேண்டியிருக்கும் என்று படிக்க வந்தாள். அவளுக்கு வாப்பா இல்லை. நிக்காஹில் பெண் சார்பாகச் சம்மதம் சொல்ல வேண்டியவன் அண்ணன் ஷாகுல்தான். அவன் துபாயில் ஒரு கோடவுனில் ஸ்டோர் கீப்பர். அவன் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்கிறது. அவனுக்கு லீவ் கிடைக்குமா என்பதுதான் அந்த மாதம் முழுக்க அவள் கவலை. இருந்தாலும் பாடத்தில் கண் இருந்தது. ஒன்றாம் நம்பரை விளக்கி முடித்ததும் கை தூக்கினாள்.

“அப்போ கெளம்புதப்ப என்ன சார் சொல்ல?”

“‘பை’ என்றால் போதும்.”

“வெறும் பை சொன்னா, இனிமே வரவே மாட்டோம்னு நெனைச்சுற மாட்டாவளா சார்?”

சிவப்பு அட்டை

மாரியப்பன் அண்ணாச்சியின் ஷெட்டில் நீண்ட காலம் வேலை பார்த்த மேஸ்திரி ஓய்வு பெற்றார். அண்ணாச்சி என்னிடம் கேட்காமல், வகுப்பில் கற்ற துணிச்சலில், பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்து ஷெட் வாசலில் கட்டிவிட்டார். மேஸ்திரி கும்பிட்டபடி நிற்கும் படம். கீழே இங்கிலீஷில், ‘எங்கள் மேஸ்திரி மகிழ்ச்சியுடன் செண்ட் ஆஃப் செய்யப்பட்டார்’. நம்மூரில் ‘செண்ட் ஆஃப்’ என்றால் மாலை, சால்வை, காராசேவு, கண்ணீர். மைதானத்தில் ‘செண்ட் ஆஃப்’ என்றால் நடுவர் சிவப்பு அட்டை காட்டி ஆட்டக்காரரை வெளியே அனுப்புவது. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல்தான் இருக்கிறது.

மேஸ்திரியின் மருமகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். கால்பந்துப் பைத்தியம். ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை வாசித்துவிட்டு, அண்ணாச்சியிடம் பவ்யமாகக் கேட்டாராம்: “மாமா அப்படி என்னங்க ஃபவுல் பண்ணினாங்க?”

மச்சானை பஸ் ஏற்றியது

அடி பட்ட அண்ணாச்சி மறுநாள் நோட்டோடு வந்தார். அப்படியானால் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிடுவதற்கு என்ன சொல்ல என்றார். ‘சீ ஆஃப்’ என்றேன். எழுதிக்கொண்டார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் குணம் விடவில்லை. “இதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. வீட்டுக்குள் நுழைந்த திருடனை, தெருநாயை விரட்டியடிப்பதும் ‘சீ ஆஃப்’தான்” என்றேன்.

“ஏன் சார், கை காட்டி அனுப்புததுக்கும் கல்லெடுத்து வெரட்டுததுக்கும் ஒரே வார்த்தையா? அவனுவ எப்படித்தான் கண்டுபிடிப்பானுவ?”

“யாரை என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும், அண்ணாச்சி.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த வாரம் திருவேங்கடத்திலிருந்து அவருடைய மச்சான் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தார். பிறகு நோட்டில் மெதுவாக ஒரு வாக்கியம் எழுதி எனக்குக் காட்டினார். ‘ஐ சா ஆஃப் மை பிரதர்-இன்-லா.’ இலக்கணம் சரி. இரண்டு அர்த்தத்தில் எது என்று கேட்டேன்.

“எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

கமா சரியாக இருந்த கடிதம்

ஒரு செவ்வாய்க்கிழமை நஸ்ரின் பூந்தியோடு வந்தாள். அண்ணனுக்கு லீவ் கிடைத்துவிட்டது, அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறான், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹுக்கு நிற்பான். மூன்று பேரும் தின்றோம். அந்த வார வியாழக்கிழமைப் பாடம், என் போதாத காலம், ‘லெட் கோ’.

இந்தச் சொல்லை நடத்துவதில் எனக்குத் தனி ருசி உண்டு. வேலையை விட்டு ஆளைத் தூக்குகிற கம்பெனி ‘தூக்குகிறோம்’ என்று சொல்லாது. இவ்வளவு நாள் உன்னைக் கையைப் பிடித்து வைத்திருந்தோம், நீயும் போகத் துடித்தாய், சரியென்று பிடியைத் தளர்த்திவிட்டோம் என்ற பாவனையில் ‘வீ ஆர் லெட்டிங் யூ கோ’ என்று எழுதும். நம்மூரில் ‘சீட்டைக் கிழிச்சுட்டாவ’ என்போம். கிழிகிற சத்தமாவது காதில் விழும். இதில் சத்தமே கிடையாது. இப்படி நான் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது நஸ்ரினின் முகம் மாறியது. போனை நீட்டினாள். “அண்ணனுக்கு வந்த மெயில்லயும் இதுதான் சார் போட்டிருக்கு.”

வாசித்தேன். வருகிற வியாழக்கிழமை முதல் ‘தி மேனேஜ்மென்ட் ஹேஸ் டிசைடட் டு லெட் யூ கோ’. லீவ் என்ற சொல்லே இல்லை. திரும்பி வர வேண்டிய நாள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கமாவும் அதனதன் இடத்தில் இருந்தது. கமா சரியாக இருக்கும் கடிதத்தை நான் நம்பிவிடுவேன். அது என் பலவீனம். “இது லீவ் இல்லை, அம்மா” என்றேன்.

மாரியப்பன் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “ஒருவேளை ‘போயிக்கோ’ன்னு விட்டிருக்காவளோ என்னமோ? விடுப்புன்னாலே விடுததுதானே சார்?” என்றார். சொல்லாராய்ச்சி என்றால் அது நல்ல கேள்வி. விடுப்பு, விடுமுறை, விடுதலை, வேலையை விட்டு விடுவிப்பது எல்லாமே ‘விடு’ பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் இங்கிலீஷில் அப்படியெல்லாம் கிடையாது என்று கையை வீசி அவர் பேச்சைத் தள்ளிவிட்டேன். அதற்கும் இங்கிலீஷில் ‘வேவ் அசைட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அப்போது அது ஞாபகம் வரவில்லை. நஸ்ரின் போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்று சொன்னாள்:

“அண்ணன் வரணும்னு துஆ கேட்டேன் சார். இப்படி வரணும்னு கேக்கலியே.”

ஒன்றரைப் பக்கம்

மறுநாள் வகுப்பிலிருந்தே ஷாகுலுக்கு வீடியோ கால் போட்டாள். நல்ல பையன். வரிசையாக அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். “நேத்துதான் சார் ரூம்ல எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்தேன், லீவு கெடச்சிட்டுன்னு” என்றான். நிக்காஹுக்கு வருவது இப்போது நிச்சயம்; அதற்கப்புறம் அடுப்பு எரிவதுதான் நிச்சயமில்லை.

ஆபீசுக்கு நேரே போன் போட்டுக் கேட்கட்டுமா என்றான். வேண்டாம், வாயால் கேட்டால் ஆதாரம் இருக்காது, எழுத்தில் கேட்போம் என்று தடுத்தவன் நான். அவன் பெயரில், மேனேஜருக்கு, ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘டிஸ்மே’ வந்தது. ‘நாட்விதஸ்டாண்டிங்’ வந்தது. ஓர் அரைப்புள்ளி வந்தது. இந்த ஊரில் அரைப்புள்ளியைச் சரியாகப் போடத் தெரிந்த ஒரே ஆள் நான் என்ற எண்ணம் அந்த நிமிடத்திலும் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் காரணத்துக்காக என்னை விலக்குகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று முடித்தேன். அனுப்பியாயிற்று. அண்ணாச்சி கேட்டார், வாசித்துக் காட்டினேன். ஒரு வரிகூடப் புரியவில்லை அவருக்கு. ஆனாலும் கண்ணில் ஒரு பயம் வந்தது.

“இப்படி ஒரு லெட்டர் எனக்கு வந்துச்சுன்னா, நான் ஷெட்டைப் பூட்டிட்டு வக்கீலைப் பாக்கப் போயிருவேன் சார்.”

மேனேஜருக்கு வந்த சந்தேகம்

பதில் இரண்டு நாளில் வந்தது. இரண்டே வரி. வியாழக்கிழமைப் பயணத்தை நிறுத்தி வைக்கவும். நேரில் விசாரித்த பிறகு முடிவு சொல்லப்படும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையை விட்டுத் தூக்கியவனின் பயணத்தை ஏன் நிறுத்த வேண்டும்? போகச் சொன்னவர்களே இப்போது போகாதே என்கிறார்கள். நிக்காஹுக்கு ஏழு நாள்தான் இருந்தது. நஸ்ரினின் உம்மா அன்று என் மாடிக்கு வந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனிய” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் நஸ்ரின் என்னிடம் கேட்கவில்லை. அண்ணனிடம், ஆபீசில் உனக்கு மெயில் அனுப்பியவர் யாரோ அவரிடமே பேசு, எங்கள் சாரின் நம்பரையும் கொடு என்று சொல்லிவிட்டாள். நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அது. ஷாகுல் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். குரலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு:

“சார், மேனேஜர் என்ன சொல்லுதாராம்னா, ஒரு ஸ்டோர் கீப்பர் இவ்வளவு நல்லா இங்கிலீஷ் எழுதுதான்னா அவனுக்கு வேற எங்கேயோ பெரிய வேலை கெடச்சிருக்கும், லீவுல போனா திரும்ப மாட்டான், விடாதேங்காராம்.”

குருவிகுளத்துக்காரர்

அன்று சாயங்காலமே துபாயிலிருந்து எனக்கு போன் வந்தது. முருகேசன் என்று சொன்னார். அந்த ஆபீசில் கிளார்க்.

“சார், ஷாகுலுக்கு லெட்டர் எழுதுனது நீங்கதானா?”

“நான்தான்.”

“ரொம்ப நல்லா இருந்துச்சு சார். நாலு தடவை டிக்ஷனரி பாத்தேன். ஒரு சந்தேகம் கேக்கலாமா? அவரை யாரு சார் வேலையை விட்டுத் தூக்குனது?”

“நீங்கள்தான். ‘லெட் யூ கோ’ என்று எழுதியிருக்கிறீர்களே.”

“ஆமா, போகட்டும்னுதான் எழுதுனோம். அவரு மனுவுல ‘கைண்ட்லி லெட் மீ கோ ஃபார் சிஸ்டர் மேரேஜ்’னு கேட்டிருந்தாரு. அவரு கேட்ட வார்த்தையிலயே குடுத்தேன். கேட்டதை மாத்தக் கூடாதுல்லா?”

மனுவில் ஷாகுல் என்ன எழுதினான் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருடமாக ‘சூழலைப் பார்த்து அர்த்தம் கொள்’ என்று பலகையில் எழுதிப் போட்டவன் நான். கடைசிப் பிடியாக, கமாவெல்லாம் அவ்வளவு சரியாக இருந்ததே என்றேன். “அதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுரும் சார்” என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். குருவிகுளம் பக்கம் என்றார். பேச்சிலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் திரும்பி வரச் சொல்லி ஒரு வார்த்தையாவது சேர்த்திருக்கலாமே, ஏன் பாதியில் விட்டீர்கள் என்றேன். மனிதர் கூச்சத்தோடு சிரித்தார்.

“மனசுக்குள்ள ‘போயிட்டு வாங்க’ன்னு நெனச்சுத்தான் சார் எழுதுனேன். ‘போயிட்டு’ வரைக்கும் எழுதியாச்சு, ‘வாங்க’வுக்கு இங்கிலீஷ் யோசிக்கதுக்குள்ள மேனேஜர் கூப்பிட்டுட்டாரு.”

ஒரே வரி

போனை வைக்கவில்லை. மேனேஜருக்கு இரண்டே விஷயம்தான் தெரிய வேண்டும், ஆள் போகிறானா, வருகிறானா, அதை ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள், இப்போதே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றார் முருகேசன். “உங்க இங்கிலீஷ்ல வேண்டாம் சார். ஷாகுல் இங்கிலீஷ்ல.” நஸ்ரினும் அண்ணாச்சியும் என் இரண்டு பக்கமும் நின்றார்கள். ‘ஐ ஷல் ரெஸ்யூம் டியூட்டி அப்பான் எக்ஸ்பைரி ஆஃப் லீவ்’ என்று தட்டி, வாசித்துக் காட்டினேன். நஸ்ரின் தடுத்தாள்.

“எக்ஸ்பைரின்னா மருந்துக்குல்லா போடுவாவ சார்? மேனேஜர் மறுபடியும் சந்தேகப்படுவாரு. சும்மா நம்ம வீட்டுல சொல்லுத மாதிரி எழுதுங்க.”

அழித்தேன். விரல் நின்றது. எதிரே சுவரில் பட்டியல். பார்க்காமல் இருக்க முயன்றேன். பிறகு தட்டினேன்: ‘சார், ஐ வில் கோ அண்ட் கம்.’ அண்ணாச்சி வாய்க்குள், அவருடைய அளவில் வாய்க்குள், “சார், ஒண்ணாம் நம்பர்!” என்றார். கீழே பூக்கடையில் யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள். நஸ்ரின் சிரிக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அவளே அமுக்கினாள். அரை மணி நேரத்தில் மேனேஜரின் பதிலை முருகேசன் போனில் வாசித்தார். இருபது வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த இங்கிலீஷ் அதுதான்:

“‘கோ. பட் கம்.’”

மாலை கழற்றும் முன்

ஷாகுல் வந்தான். வாப்பா இருந்திருந்தால் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து தங்கைக்காகச் சம்மதம் சொன்னான். பிரியாணிப் பந்தியில் எனக்கும் அண்ணாச்சிக்கும் அவனே பரிமாறினான். ஒரே ஒரு வருத்தம்தான் அவனுக்கு. வேலை போய்விட்டது என்று நான் சொன்ன அன்று, ரூமில் இருந்த தன் ரைஸ் குக்கரை ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். வேலை போகவில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கேட்டிருக்கிறான். “தரமாட்டேங்கான் சார். கேட்டா, ‘நீதானே லெட் கோ பண்ணுன’ங்கான்.”

பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடையநல்லூருக்கு அழைத்துப் போகக் கார் வந்தது. உம்மாவிடமும் ஷாகுலிடமும் அழுது முடித்துவிட்டு, நஸ்ரின் கார்க் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். “சார், ஐ வில் கோ அண்ட் கம்” என்றாள். பழக்க தோஷத்தில் என் வாய் திறந்தது. அவள் முந்திக்கொண்டாள்:

“தப்புன்னு தெரியும் சார். ஆனா நான் வருவேன்லா?”

‘கோ அண்ட் கம்’ இன்னும் என் சுவரில் ‘சொல்லக்கூடாதவை’ பட்டியலில்தான் இருக்கிறது. நம்பர் மட்டும் ஒன்றிலிருந்து பதினேழுக்கு இறங்கி, கீழே மேஜைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.